வார்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே

1968 கோடையில், வியட்நாம் யுத்தம் அமெரிக்க இளைஞர்களின் தலையெழுத்தை நிர்ணயித்துக்கொண்டிருந்த வேளையில், வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார ஸ்தாபனத்துக்கு, என்.ஐ.எச். என்று உலகெங்கும் அறியப்படும் அந்தப் பெரும் ஆராய்ச்சி வளாகத்துக்கு, வைத்தியப் படிப்பை முடித்து ஆஸ்பத்திரிப் பயிற்சியும் ஓரளவு பெற்றிருந்த இளம் டாக்டர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். வைத்தியர்களையும் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கும் சட்டம் அந்நாட்டில் அப்போது அமலில் இருந்தது. யுத்தகளத்துக்குப் போகாமல் பொதுச் சுகாதார சேவையில் இரண்டாண்டு உழைத்தாலும் கடமை தீரும் என்ற விதியின்கீழ் வந்தவர்கள் அவர்கள். பச்சைத் தொப்பி அணிந்த போர்வீரர்களின் பெயர் ஊரெங்கும் பாடப்பட்ட அக்காலத்தில், இவர்களை 'மஞ்சள் தொப்பிக்காரர்கள்' என்று பரிகசிப்பது வழக்கமாயிருந்தது. அந்த ஓராண்டில் வந்த மஞ்சள் தொப்பிக்காரர்களில் ஜோசப் கோல்ட்ஸ்டீன், மைக்கேல் பிரவுன், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், ஹெரால்ட் வார்மஸ் ஆகிய நால்வர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள்.

நால்வரில் எவரும் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவரல்லர். வார்மஸோ வைத்தியக் கல்லூரிக்கு வருமுன் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் வாங்கியவர். ஆனால் பெதஸ்டாவில் அவர்களுக்கு இரண்டு பாக்கியங்கள் ஒருங்கே வாய்த்தன. ஒரே வளாகத்தில் நோயாளிகளையும் பார்க்கலாம், முதல்தரமான ஆய்வுக்கூடத்திலும் உழைக்கலாம். கோல்ட்ஸ்டீன் ஒருபுறம் மரபணுக் குறியீட்டை விடுவித்த மார்ஷல் நைரன்பர்க்கிடம் ஆராய்ச்சி பழகினார். மறுபுறம், பத்து வயது நிரம்புமுன்பே மாரடைப்புக்கு ஆளாகும் அளவுக்கு இரத்தத்தில் கொலஸ்டிரால் பெருகிய குழந்தைகளை ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்டார். அந்தக் குழந்தைகளைப் பற்றி எழுந்த கேள்வியை அவரும் பிரவுனும் பின்னர் டல்லாஸ் நகருக்குக் கொண்டுபோய், உயிரணுவின் மேற்பரப்பில் கொலஸ்டிராலைச் சுமந்துவரும் துகளைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பி ஒன்று உண்டு என்றும், அது பழுதானதே அந்நோயின் காரணம் என்றும் கண்டு, 1985-இல் பரிசு பெற்றது இன்று பாடப்புத்தகச் செய்தி.

இதையெல்லாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இளைஞர்களுக்கு வாய்த்த அவகாசம் அவர்கள் தேடிக்கொண்டது அல்ல; ஒரு யுத்தமும் ஒரு சட்டமும் சேர்ந்து அவர்கள்மேல் சுமத்தியது. 1973-இல் கட்டாய சேவை முடிவுக்கு வந்தபோது அந்த விசித்திரமான ஏற்பாடும் தன் வேகத்தை இழந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1979-இல், பிற்பாடு என்.ஐ.எச்.-இன் தலைவராகப் பதவியேற்ற ஜேம்ஸ் வின்கார்டன், நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்யும் வைத்தியர் அருகிவரும் ஜீவராசிகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு கட்டுரையில் எச்சரித்தார். அன்று தொடங்கிய புலம்பல் இன்றளவும் ஓயவில்லை, பரிகாரங்களும் குறைவில்லை.

பரிகாரங்களுள் தலையாயது அந்த எச்சரிக்கைக்கும் முந்தியது. வைத்தியப் பட்டத்தையும் விஞ்ஞான டாக்டர் பட்டத்தையும் ஒருசேர அளிக்கும் படிப்பைக் கிளீவ்லண்டிலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலை 1956-இலேயே தொடங்கியிருந்தது. 1964-இல் என்.ஐ.எச். இதற்கென்றே பொருளுதவி ஏற்படுத்தி, ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் வைத்தியக் கல்லூரி, நியூயார்க் சர்வகலாசாலை, நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை ஆகிய மூன்று இடங்களில் ஆரம்பித்த திட்டம் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நடைபெறுகிறது. இதில் இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மேலும் மாதாமாதம் உபகாரச் சம்பளம் உண்டு. அமெரிக்காவில் வைத்தியம் படித்து வெளிவரும் மாணவர் பலர் இரண்டு லட்சம் டாலர் அளவுக்குக் கடன்பட்டு வெளிவருகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது எத்தகைய சலுகை என்பது விளங்கும். சக மாணவர்கள் இவர்களை 'மட்-ஃபட்' என்று கேலியாக அழைப்பதில் சிறிது பொறாமையும் கலந்திருக்கத்தான் செய்யும்.

சலுகையின் விலை காலம். முதலில் ஏறக்குறைய இரண்டாண்டு வைத்திய பாடங்கள், பின் நாலைந்து ஆண்டு ஆய்வுக்கூடம், மீண்டும் இரண்டாண்டு வார்டு, ஆகக் குறைந்தது எட்டாண்டு. அதற்குமேல் ரெசிடென்சி என்னும் ஆஸ்பத்திரிப் பயிற்சி, அதற்கும்மேல் ஒரு தனித்துறையில் ஃபெலோஷிப். இருபத்துமூன்றில் நுழைந்தவர் எல்லாவற்றையும் முடித்துத் தலைநிமிரும்போது முப்பத்தேழோ முப்பத்தெட்டோ ஆகியிருக்கும். இந்த நீளத்தைக் கண்டு மலைப்பவர்கள், பயிற்சியின் சிரமம் முழுவதும் நீளத்தில் இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் உள்ளேயும் மாணவர் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறார். அவரை இழப்பது ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடங்களில்தான். அந்த இடங்களை எவரும் திட்டமிட்டுக் கட்டவில்லை, கட்டங்களைக் கட்டியபோது அவை மிச்சமாக விழுந்துபோயின.

முதலாவது தாண்டலைப் பாருங்கள். இரண்டாண்டுகளாக உடற்கூறும் மருந்தியலும் மனனம் செய்து தேர்வு எழுதிய மாணவர், ஒரு திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார். கேள்வி கேட்டால் விடை உண்டு, விடை சரியென்றால் பாராட்டு உண்டு என்று பழகிய மனம், விடை எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியின் முன் நிறுத்தப்படுகிறது. வைத்தியத்தில் காலையில் வந்த ஜுரத்துக்கு மாலைக்குள் ஏதாவது செய்தாகவேண்டும், செய்ததன் பலன் நாளையே தெரியும். ஆராய்ச்சியிலோ ஒரு வருஷ உழைப்பின் பலன், இந்த வழி வழியே அல்ல என்று தெரிந்துகொள்வதாக இருக்கலாம். மேற்சொன்ன லெஃப்கோவிட்ஸ் பெதஸ்டாவில் முதல் ஓராண்டுக்கு மேலாகக் கைவைத்த பரிசோதனைகள் யாவும் தோற்கக் கண்டு, தாம் வைத்தியம் பார்க்கவே பிறந்தவர் என்று தீர்மானித்து, பாஸ்டனில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இடமும் தேடிக்கொண்டுவிட்டார். கடைசிக் காலத்தில் பரிசோதனைகள் பலிக்கத் தொடங்கின. எனினும் ஒப்புக்கொண்டபடி பாஸ்டனுக்குப் போனார். போன இடத்தில்தான், ஆய்வுக்கூடம் இல்லாத வாழ்வு தமக்கு ஒத்துவராது என்பது அவருக்குத் தெரிந்தது. ரெசிடென்சியின் நடுவிலேயே மீண்டும் பரிசோதனைக்குத் திரும்பினார். உயிரணுக்களின் ஏற்பிகளைப் பற்றிய அவருடைய பணிக்கு 2012-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியருக்குத் தோல்வியில் பயிற்சி இல்லை என்பதே இங்கு விஷயம். வகுப்பில் முதலாவதாக வந்தே பழகியவர்களுக்கு அது பெரிய குறை.

இரண்டாவது தாண்டல் இதைவிடக் கொடியது. நாலாண்டு உழைத்து, ஒரு சிறு விஷயத்தில் உலகில் தம்மைவிட அறிந்தவர் பத்துப்பேர் இருப்பார்களா என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்து, சபையில் ஆய்வேட்டை நிலைநாட்டி, அன்றைய மாலை விருந்தும் உண்ட ஒருவர், அடுத்த மாதமே வெள்ளைக் குட்டைச் சட்டை அணிந்து வார்டில் மூன்றாமாண்டு மாணவராக நிற்கிறார். அறுவடைக்கு வந்த வயலை அப்படியே விட்டு அயலூரில் ஏர் பூட்டப் போவதுபோன்ற காரியம் அது. அவருடன் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். அவர்களில் சிலர் இப்போது அவருக்கு உத்தரவிடும் ரெசிடென்டுகள். ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயத்தின் முணுமுணுப்பைக் கேட்கச் சொன்னால் எங்கே வைப்பது என்பதே தடுமாற்றம். சோடியம் குறைந்த நோயாளிக்கு எந்தத் திரவத்தை எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதை இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி படபடவென்று ஒப்பிக்க, முப்பதை எட்டும் இவர் தரையைப் பார்க்கிறார். இதற்கிடையில், விட்டுவந்த ஆய்வுக்கூடத்திலிருந்து, பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்டவர்கள் இன்னும் மூன்று பரிசோதனைகள் கேட்கிறார்கள் என்று கடிதம் வருகிறது. காலை ஐந்தரைக்கு ரவுண்ட்ஸுக்கு எழுபவர் அதை எப்போது செய்வது?

நல்ல கல்லூரிகள் இந்த இடத்தில் ஒரு பாலம் போட முயல்கின்றன. ஆய்வுக்கூட ஆண்டுகளிலேயே வாரத்துக்கு ஓர் அரைநாள் கிளினிக்கில் உட்காரச் செய்கின்றன. திரும்புமுன் சில வாரங்கள் ஒரு மூத்த வைத்தியரோடு நோயாளிகளைப் பார்த்துக் கையைப் பழக்கச் செய்கின்றன. அற்பமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் தம்மைப்போல் திரும்பிவந்த ஒருவர் முந்தைய ஆண்டில் இதே தடுமாற்றத்தைக் கடந்து மூன்று மாதத்தில் சமமானார் என்று நேரில் அறிவது, எந்தப் பாடத்திட்டமும் கொடுக்காத தைரியத்தைக் கொடுக்கிறது.

ரெசிடென்சிக்கு இடம் ஒதுக்கும் விதம் தனிக் கதை. மாணவர்கள் தம் விருப்ப வரிசையையும் ஆஸ்பத்திரிகள் தங்கள் விருப்ப வரிசையையும் தர, கணிப்பொறி இரண்டையும் பொருத்தி, மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை நாடெங்கும் ஒரே நாளில் முடிவை வெளியிடும். உள்மருத்துவத்தில் ஆராய்ச்சியை நாடுவோருக்குப் பொதுப் பயிற்சியை மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைத்து, பின்னால் மூன்றாண்டு ஆராய்ச்சியைச் சேர்க்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஓராண்டு மிச்சம் என்று எல்லோரும் அதற்கு ஆசைப்படுகிறார்கள். ஆனால் வார்டில் தனியே இரவுகளைச் சமாளித்து நம்பிக்கை பெறவேண்டிய மூன்றாம் ஆண்டையல்லவா அது விழுங்கிவிடுகிறது! பின்னாளில் வாரத்தில் ஒரு நாளே நோயாளி பார்க்கப்போகும் ஒருவருக்கு, பார்க்கும் அந்த ஒரு நாளில் திடம் இருக்கவேண்டுமென்றால், அந்த ஆண்டைத் துறப்பதற்குமுன் இருமுறை யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி வருவது மூன்றாவது தாண்டல். பலர் சத்தமில்லாமல் மறைந்துபோவது இங்கேதான். ஃபெலோஷிப் முடிந்ததும் ஒரு சர்வகலாசாலை அவரைக் கனிஷ்ட ஆசிரியராக நியமிக்கிறது. என்.ஐ.எச். வழங்கும் 'கே' வரிசை மானியங்களுள், வைத்திய விஞ்ஞானிகளுக்கென்றே அமைந்த கே-08 கிடைத்தால், மூன்று முதல் ஐந்தாண்டு வரை, தம் நேரத்தில் முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கே செலவிடவேண்டும் என்பது நிபந்தனை. அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கு மட்டும் பாதி போதும் என்று விலக்கு உண்டு. கத்தி பிடிக்கும் கை ஓய்ந்தால் பழக்கம் விட்டுப்போகும் என்பதை ஸ்தாபனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் இந்த முக்கால் பங்கு உறுதியானது. நடைமுறையிலோ அதை அரிப்பவர்கள் தீயவர்கள் அல்லர், எல்லாரும் நல்லவர்கள். மீதமுள்ள கால் பங்கில் வைத்தியம் பார்த்த நோயாளி ஆராய்ச்சி நாளன்று தொலைபேசியில் அழைக்கிறார். ஆபத்து என்றால் எப்படிப் பேசாமலிருப்பது? பிரசவ விடுப்பில் போன சகாவின் முறையை யாராவது ஏற்கவேண்டியிருக்கிறது. பரிசோதனை அறிக்கைகளும் மருந்துச்சீட்டு வேண்டுகோள்களும் கணினியில் இரவு பகலாக வந்து நிற்கின்றன. இவற்றில் எதை மறுத்தாலும் ஒரு முகம் வாடுகிறது. ஆராய்ச்சியை ஒத்திவைத்தால் எந்த முகமும் வாடுவதில்லை. ஐந்தாண்டு கழித்து அவருடைய முகம் ஒன்றைத் தவிர.

'கே' மானியம் தீருமுன் தமக்கே சொந்தமான ஆர்-01 என்னும் பெரிய மானியத்தை அவர் வென்றாகவேண்டும். வென்றால்தான் தனி ஆய்வுக்கூடம். வெல்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைக் கடந்துவிடுகிறார்கள். 1908-இல் தொடங்கிய அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிச் சங்கத்தில், 'இளந்துருக்கியர்' என்று பட்டப்பெயர் பெற்ற அந்தச் சபையில், சேர்வதற்கு வயது வரம்பு நாற்பத்தைந்தாக இருந்து பிற்பாடு ஐம்பதாக உயர்த்தப்பட்டது என்பதைக் கவனித்தால், இந்தத் தொழிலில் யௌவனம் எவ்வளவு தூரம் நீண்டுவிட்டது என்பது தெரியவரும். தோற்றவருக்கோ பட்டினி இல்லை. முழுநேர வைத்தியராகிவிடலாம், சம்பளம் கூடவே கிடைக்கும், மரியாதையும் குறையாது. கதவு அத்தனை அகலமாகத் திறந்திருப்பதாலேயே இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை.

இதே சங்கத்தின் தலைவராயிருந்த கோல்ட்ஸ்டீன், 1986-இல் தமது தலைமையுரையில் ஒரு நோயை விவரித்தார். கல்விச்சாலை ஆராய்ச்சியாளரைச் செயலிழக்கச் செய்யும் வாதரோகம் என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டி, அதன் நோய்க்காரணத்தையும் தடுப்பு முறையையும் வைத்திய நூல் பாணியிலேயே சொன்னார். அடிப்படை விஞ்ஞானத்தில் ஆழமான பயிற்சி பெறாமலே ஆராய்ச்சிக்குள் இறங்கிவிடுவதும், புதிய உத்தி ஒன்றைக் கைக்கொள்ளும் துணிவில்லாமல் பழகிய முறையையே சுற்றிச்சுற்றி வருவதும் அவர் கண்ட காரணங்கள். சபை சிரித்திருக்கும், சிரித்தவர்களில் பலருக்கு அந்நோய் இருந்திருக்கும். அவரும் பிரவுனும் இந்த ரோகத்துக்குத் தப்பியதற்கு ஒரு காரணம், அவர்கள் இருவராயிருந்தது என்று எனக்குப் படுகிறது. ஒருவர் வார்டில் நின்ற நேரத்தில் ஆய்வுக்கூடம் அநாதையாகவில்லை. இன்றைய மானிய விதிகளும் பதவியுயர்வுக் குழுக்களும், இது உன் யோசனையா, கூட்டாளியின் யோசனையா என்று பிரித்துக் கேட்டு, அத்தகைய ஜோடிகள் உருவாவதையே கடினமாக்கிவிட்டன.

பெண்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளில் இப்போது மாணவரில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் மூன்றாவது தாண்டல் வரும் வயது எதுவோ, குழந்தைகள் சிறியவர்களாகவும் பெற்றோர் தளர்ந்தவர்களாகவும் இருக்கும் வயதும் அதுவே. டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015-இல் பத்து வைத்தியக் கல்லூரிகளுக்கு நிதி வழங்கி, வீட்டில் பராமரிப்புப் பொறுப்பு மிகுந்த இளம் வைத்திய விஞ்ஞானிகளுக்கு ஆய்வுக்கூட உதவியாளரை அமர்த்திக்கொள்ளவும் அதுபோன்ற செலவுகளுக்கும் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது. உபதேசமும் கருத்தரங்கும் அல்ல, இரண்டு கைகள் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு செய்த உதவி அது.

நம் ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு மேலும் ஒரு முடிச்சு. மேற்சொன்ன எட்டாண்டுத் திட்டத்துக்கான சர்க்கார் பணமும் கே-08 மானியமும் அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்குமே உரியவை; 'கே' வரிசையிலேயே கே-99 ஒன்று அயல்நாட்டாருக்கும் திறந்திருக்கிறது. மதுரையிலோ வேலூரிலோ எம்.பி.பி.எஸ். முடித்துப் போகிற இளைஞர் ஜே-1 விசாவில் ரெசிடென்சி சேர்ந்தால், பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் வாழ்ந்தாகவேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் வழி, வைத்தியர் பற்றாக்குறையான பகுதியில் மூன்றாண்டு முழுநேரம் நோயாளி பார்ப்பது. அந்த மக்களுக்கு வைத்தியர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆராய்ச்சியில் ஊன்றிக்கொண்டிருந்தவருக்கு அந்த மூன்றாண்டு, ஃபெலோஷிப் முடிந்து 'கே' மானியத்துக்கு எழுதவேண்டிய மூன்றாண்டாகவே அமைந்துவிடுகிறது.

முன்னோடி ஒருவரும் சென்னையிலிருந்து போனவர்தான். பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை வைத்தியக் கல்லூரியில் படிக்கையில் கதர் அணிந்த காரணத்தால் எம்.பி.பி.எஸ்.-க்குப் பதிலாக அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்பார்கள். பின்பு பாஸ்டன் சேர்ந்து, ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களைப் படிக்கையில், வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு ஊழியராக மலச்சட்டி கழுவினார். சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் வகுத்த பாஸ்பரஸ் அளக்கும் முறை 1925-இல் வெளியாயிற்று. 1930-இல் ஹார்வர்டிலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். வைத்தியமும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்ற அவருக்கு அந்தச் சர்வகலாசாலை நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் உருவான மருந்துகளைக் கொண்டே சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் முதன்முதலாகத் தற்காலிகக் குணம் கண்டார்; யானைக்கால் நோய்க்கான ஹெட்ராஸானும் அங்கே பிறந்தது. 1948-இல் ஐம்பத்துமூன்றாம் வயதில் அவர் காலமானார். கல்விச்சாலை கைவிட்டவரைத் தொழிற்சாலை ஏற்றது. இன்றும் மூன்றாவது தாண்டலில் வழுக்கியவர்கள் பலர் மருந்துக் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று எண்ணுவது சர்வகலாசாலைகளின் கர்வம்.

அண்மையில் இந்தப் பாதை மேலும் நடுங்குகிறது. 2025 பிப்ரவரியில் என்.ஐ.எச்., மானியங்களோடு கல்லூரிகளுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகை 15 சதவிகிதத்துக்கு மேற்படாது என்று அறிவிக்க, வழக்குகள் எழுந்து நீதிமன்றம் அதைத் தடுத்தது. தீர்ப்பு எப்படியாயினும், மாணவரைச் சேர்க்கும் குழுக்கள் அவ்வாண்டு அச்சத்தோடுதான் உட்கார்ந்தன.

நேர்காணலுக்குப் போகிற மாணவர்கள் நோபல் பரிசு பெற்ற ஆசிரியர்களின் பெயர்களைக் கேட்டு மயங்குவது இயல்பு. அவர்கள் கேட்கவேண்டியது வேறு. பத்தாண்டுக்கு முன் இங்கே பயின்றவர்களில் இப்போது சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் எத்தனைபேர், மற்றவர்கள் எங்கே? ஆய்வேட்டை முடித்து வார்டுக்குத் திரும்புவதற்கு இடையில் எத்தனை வாரம் தருகிறீர்கள்? கனிஷ்ட ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை அரைநாள் கிளினிக்? விடுப்பில் போனவரின் முறையை ஏற்பது யார்? முதல் மானியத்துக்கும் அடுத்த மானியத்துக்கும் இடையே ஓராண்டு விழுந்தால் அந்த ஓராண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடை கிடைத்தால், வாக்களித்த துறைத்தலைவர் வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகும் அந்த வாக்கு செல்லுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது அநாகரிகம் ஆகாது.